மூன்றாம் மாடிக் கடற்கரை

பம்பாய் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் கிருஷ்ண விலாஸ் ஹவுஸிங் சொஸைட்டி சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கட்டிடம். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, சுவரெல்லாம் ஈரம், தொட்டால் காரை உதிரும். ஆனால் எழுத்தில் அனுமதி வாங்காமல் இங்கே ஒரு துரும்பு அசைந்தது இல்லை. மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதற்கே விண்ணப்பம், சிபாரிசு, ஆட்சேபணையின்மைச் சான்று என்று எல்லாம் உண்டு. சான்று கைக்கு வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும், அது வேறு விஷயம்.

இந்த ஒழுங்குக்குக் காரணகர்த்தா எங்கள் செக்ரட்டரி பஞ்சு. உத்தியோக காலம் முழுவதையும் கடிதம் ட்ராஃப்ட் பண்ணியே கழித்தவர். ரிட்டயர் ஆன பிறகும் கை அரித்துக்கொண்டே இருந்ததால் செக்ரட்டரி பதவியை ஏற்றுக்கொண்டார். "வாயால சொல்றது காத்தோட போயிடும் ஓய். எழுதி வாங்கிண்டாத்தான் தூக்கம் வரும்" என்பார். நாங்களும் அதே ரகம்தான். இந்தக் கட்டிடத்தில் இருப்பவர்கள் பாதிப் பேர் பாலக்காட்டிலிருந்து டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோடு ரயில் ஏறியவர்களின் பிள்ளைகள்.

லிஃப்ட் இல்லாததால் நிஜமாகவே கஷ்டப்பட்டது ஒருவர்தான், இரண்டாம் மாடி சுப்புலக்ஷ்மி மாமி. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போவதானால் நாற்காலியோடு தூக்கி இறக்கவேண்டியிருந்தது. மற்றபடி வீடே கதி. காய்கறிகூட மொபைலில்தான் வரும். மாமிக்கு அதுதான் பெரிய துக்கம். "கொத்தமல்லி வாடியிருந்தா யாரோட சண்டை போடறது? மொபைலோடயா?" என்று கேட்பார். மார்க்கெட்டில் நின்று, தன் கையால் கறிவேப்பிலையைப் புரட்டிப் பார்த்து, கடைக்காரனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கவேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசை நிறைவேறும் காலமும் வந்தது. கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித்தர நகுல் என்ற பில்டர் முன்வந்தான். அவன் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் ஒரு லிஃப்டின் படம் இருந்தது. மாமி அதை மட்டும் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் மூன்றாம் மாடி சாய்நாத், வீட்டுக்குள் கடல் வைப்பது என்று தீர்மானித்தான்.

சாய்நாத் பாந்த்ராவில் ஏதோ கண்ணாடிக் கட்டிடத்தில் பெரிய வேலையில் இருப்பவன். அவனும் மனைவி பத்மஜாவும் காலத்துக்குத் தகுந்தாற்போல் வாழ்பவர்கள். முதலில் இத்தாலிய காபி மெஷின் வந்தது. பிறகு சுவரில் மாட்டிவைக்கவென்றே ஒரு சைக்கிள். பிறகு, சுவரிலேயே வளரும் தோட்டம். தோட்டம் காய்ந்து முடிந்த வாரம், அவனுடைய மேலதிகாரியின் பவாய் வீட்டில் பவளப்பாறைத் தொட்டி இருப்பதைப் பார்த்துவிட்டான். அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மீன் தொட்டியாடா?" என்று நான் கேட்டேன்.

"மீன் தொட்டி இல்லை அங்கிள், ரீஃப்" என்றான். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

அதை நிறுவ ஆண்டாப் ஹில்லிலிருந்து சுரேந்திரன் வந்தான். தன்னை 'ரீஃப் கன்சல்டன்ட்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டான். டபுள் கட்டில் அளவுக்குக் கண்ணாடித் தொட்டி, அதற்கடியில் அழுக்கு பிரிக்க இன்னொரு தொட்டி, மூட்டை மூட்டையாகக் கடலுப்புத் தூள், வெள்ளை மணல், பாறை, அலை உண்டாக்க ஒரு மோட்டார் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. பம்பாய் வெயிலுக்குத் தண்ணீர் சூடாகிவிடுமாம், அதற்குக் குளிர்விக்கும் இயந்திரம் தனி. ஆனால் மீன் மட்டும் வரவில்லை.

"தண்ணி முதல்ல பக்குவம் ஆகணும் அங்கிள். பாறையில கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரணும். அதுக்கு அப்புறம்தான் மீன். ஜல்தி பண்ணினா எல்லாம் கலாஸ்" என்றான் சுரேந்திரன்.

அதனால் வந்தவர்களெல்லாம் தண்ணீருக்குள் இருந்த கல்லைப் பார்த்து "வாவ்" என்றார்கள். பத்மஜா தினமும் அந்தக் கல்லைப் படமெடுத்து உலகத்துக்குத் தெரிவித்தாள். சாய்நாத் வீட்டுக்கு நேர்க்கீழே இருக்கும் சுப்புலக்ஷ்மி மாமிக்கு விஷயம் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. "கல்லுக்கு ஏ.சி. போட்டிருக்காளாமே? எனக்கு ஒரு ஃபேன் சரியாச் சுத்தலை" என்றார்.

கமிட்டி கூடியது. எங்களுடையது சைவ சொஸைட்டி. மீனை உள்ளே விடலாமா என்ற கேள்வி எழுந்தது. நீண்ட விவாதத்துக்குப் பின், உயிரோடு இருக்கும்வரை மீன் சைவமே என்றும், உயிர் போன கணத்திலிருந்து அது அசைவமாகக் கருதப்பட்டு உடனடியாக வெளியேற்றப்படும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் பஞ்சு கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி. வீட்டில கடல் ஜலம் வெச்சுக்க சர்க்கார் அனுமதி வேண்டாமோ?"

"மீன் தொட்டிக்கு யார் மாமா அனுமதி கேக்கறா?" என்றான் சாய்நாத்.

"யாருமே கேக்கலை. அதனாலதான் நாம கேக்கணும். நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா எதைக் காட்டுவே?"

பஞ்சு உள்நாட்டு நீர்ப் பிரிவுக்கு எழுதினார். எங்கள் அதிகாரம் நல்ல தண்ணீரோடு முடிந்துவிடுகிறது, உப்பு இருந்தால் கரையோர எல்லைப் பிரிவை அணுகவும் என்று பதில் வந்தது. அப்படி ஒரு பிரிவு இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். பஞ்சு ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை ட்ராஃப்ட் செய்து எனக்கு வாசித்துக் காட்டினார்.

"மேற்படி கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், இயற்கைக்குச் சற்றும் குறைவுபடாத முறையில், உவர்நீர், மணற்பரப்பு, பாறைத்தொடர், அலை ஆகிய சகல அங்கங்களும் பொருந்திய கடற்பகுதி ஒன்று அமைந்திருப்பதால், தாங்கள் அன்புகூர்ந்து..."

"மீன் தொட்டின்னு ஒரு வார்த்தை போட்டுடலாமே?" என்றேன்.

"மீன் தொட்டின்னு எழுதினா எவன் ஓய் ஃபைல் திறப்பான்? கடுதாசுக்கு ஒரு கம்பீரம் வேணும்" என்றார் பஞ்சு.

கம்பீரம் நன்றாகவே வேலை செய்தது. மாதக்கணக்காக எதற்கும் பதில் வராத ஊரில், அடுத்த வாரமே அதிகாரி நேரில் வந்துவிட்டார். பெயர் வானமாமலை. தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பேச்சு மட்டும் அப்பா அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு. சாய்நாத் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தொட்டியைச் சுற்றி வந்தார். விரலைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புத்தாம்" என்று எழுதிக்கொண்டார். "அலை அடிக்குமா?"

சுரேந்திரன் மோட்டாரைப் போட்டான். அலை அடித்தது.

"ராத்திரி அலை கூடுமா?"

"கூடும் ஸார். பௌர்ணமி, அமாவாசை எல்லாம் ஆப்லயே செட் பண்ணலாம்" என்றான் சுரேந்திரன், பெருமையாக.

"அப்பம் சரி. கடல்தாம்" என்றார் வானமாமலை.

"ஸார், இது தொட்டி" என்றேன் நான்.

"நான் இல்லேங்கலை. ஆனா எங்க ஃபாரத்துல தொட்டிக்கு எடம் கெடையாது பாருங்க. கடல், கழிமுகம், உப்பளம், அம்புட்டுதாம். உப்பளம்னு போட்டுருவமா?"

"ஐயோ, வேண்டாம் ஸார்!" என்று பதறினாள் பத்மஜா. "ட்ராயிங் ரூமை உப்பளம்னு போட்டா பாக்கறவா என்ன நினைச்சுப்பா? கடல்னே போட்டுடுங்கோ."

வானமாமலை கடல் என்றே போட்டார். பிறகு ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்து, அலை எட்டும் உயரத்தைக் கண்ணால் அளந்து, சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டார். அது ஓத எல்லைக் கோடு, கடல் பொங்கினால் எட்டும் எல்லை. அரசாங்கத்தின் கணக்கில் இனி கடல் அங்கே ஆரம்பிக்கிறது.

எங்கள் கட்டிடத்தில் அன்று தீபாவளிதான். கடல் பார்த்த வீடு என்றால் இந்த ஊரில் என்ன மதிப்பு என்று நான் சொல்லவேண்டியதில்லை. கடலைப் பார்க்க தாதர்வரை போய்க்கொண்டிருந்த நாங்கள், ஒரே நாளில் கரையோரவாசிகள் ஆனோம். சாயங்காலங்களில் எல்லோரும் மூன்றாம் மாடி வராந்தாவில் காற்று வாங்கப் போனார்கள். யாரோ பேல்பூரி வாங்கிவந்தார்கள். நான் என் விலாசத்தில் 'கடற்கரை' என்று சேர்த்துக்கொண்டேன், மறுக்கவில்லை. பொதுக்குழு கூடி, கிருஷ்ண விலாஸ் கடலோரக் கட்டிடமே என்றும், ஆகவே பில்டர் நகுல் ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதல் இடம் தரவேண்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. பஞ்சு அதன் நகலைச் சம்பந்தப்பட்ட எல்லா இலாகாவுக்கும் அனுப்பினார். சம்பந்தப்படாதவற்றுக்கும் அனுப்பினார்.

பதிலைக் கையோடு கொண்டுவந்தவர் வானமாமலை.

"நீங்களே கடலோரம்னு ஒத்துக்கிட்டு எழுதியிருக்கிய. எங்களுக்கு வேலை மிச்சம்" என்று நன்றி சொல்லிவிட்டு உத்தரவை வாசித்தார். ஓத எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் பழைய கட்டிடத்தை இடிக்கவோ, புதிதாக எழுப்பவோ கூடாது. கரையின் இயற்கை எழில் கெடாமல் காக்கப்படும். 'இயற்கை எழில்' என்று அவர் வாசித்தபோது தலைக்கு மேலிருந்து காரை உதிர்ந்து அவர் ஃபைலில் விழுந்தது.

நகுல் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, "ஸாரி அங்கிள்ஜி" என்று போய்விட்டான்.

மாமியிடம் சொல்ல என்னை அனுப்பினார்கள். அவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்போ லிஃப்ட் வராதா?"

மூன்றாம் மாடியில் பேல்பூரி தின்றவர்களில் நானும் ஒருவன். மாமி ஒருவர்தான் அந்தக் கடலைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், ஏனென்றால் மேலே ஏறவும் படிதான்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. தொட்டியைக் காலி செய்துவிட்டால் கடல் போய்விடும், சனியன் விட்டது என்று முடிவாயிற்று. சாய்நாத்துக்கு ஆட்சேபணை இல்லை. அதற்குள் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் வந்து சேர்ந்து, தொட்டி பார்க்கவே அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மேலதிகாரி இப்போது பனிக்கட்டித் தண்ணீரில் உட்கார்ந்து குளிக்க ஆரம்பித்திருந்தார். சாய்நாத்தும் அதற்கான தொட்டியைத் தேடிக்கொண்டிருந்தான்.

பஞ்சு முன்ஜாக்கிரதையாக வானமாமலைக்குப் போன் போட்டார்.

"கடலை வத்த வைக்கப்போறியளா? பெரிய குத்தம்லா அது!" என்றார் வானமாமலை. "கடலைத் தூர்க்கணும்னா சுற்றுச்சூழல் ஆய்வு வேணும், பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேக்கணும், மீனவங்க சம்மதிக்கணும்."

"இந்த ஊரே கடலைத் தூர்த்துக் கட்டினதுதானே ஸ்வாமி!"

"அது பெரிய ஆளுக செஞ்சது சார். நீங்க வெறும் சொஸைட்டி."

மீனவர் யார் என்று விசாரித்ததில், மேற்படி கடலை நம்பி வாழ்பவர் என்று ரிக்கார்டில் ஏறியிருந்தது சுரேந்திரன். வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடி துடைக்க வருகிறவன். எந்தக் கூட்டத்திலும் மூலையில் நின்றவன், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அங்கிள், உங்களுக்கு இது ஃபேஷன். எனக்கு வாழ்வாதாரம். நான் சம்மதிக்க மாட்டேன்" என்றான். பத்மஜா அவனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

அதன் பிறகு வானமாமலை மாதாமாதம் கரையைப் பார்வையிட வர ஆரம்பித்தார். ஒரு நாள் படி ஏறி மூச்சு வாங்கி, இரண்டாம் மாடியில் நின்றுவிட்டார். கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த சுப்புலக்ஷ்மி மாமி, உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். நான் அப்போது மாமியின் மாத்திரைகளை வாங்கிவந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா, கடற்கரையில எதுவுமே கட்டக்கூடாதா?" என்றார் மாமி.

"கட்டலாம் மாமி. மீனவங்களுக்கு உபயோகமானதைக் கட்டலாம். வலை காயப்போட எடம், மீன் எறக்குத மேடை, பாரந்தூக்கி..."

"பாரந்தூக்கின்னா?"

"மீன் கூடையை வெச்சு எறக்குதது. மோட்டார்ல ஓடும்."

"மேலேயும் போகுமா?"

"எறங்கினா ஏறத்தானே செய்யணும்?"

மாமி ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதுல மனுஷா ஏறலாமோ?" என்றார்.

"கூடாது மாமி. மீன் மட்டுந்தாம்."

"அது மீனா, மனுஷாளான்னு யார் பார்த்து எழுதறது?"

வானமாமலை மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "மீனவர்தாம் எழுதணும். அவர் என்ன எழுதுதாரோ அதுதாம் எங்களுக்குக் கணக்கு" என்றார்.

கிருஷ்ண விலாஸில் பாரந்தூக்கி வந்தது. மூன்று மாடிக்கும் வாசல், மடக்கும் இரும்புக் கதவு, உள்ளே ஒரு பெஞ்சு. சைவ சொஸைட்டிக்கு மீன் இறங்கும் மேடை அடுக்குமா என்று பஞ்சு மட்டும் ஓர் ஆட்சேபணை எழுப்பினார். உயிரோடு இருக்கும்வரை மீன் சைவமே என்ற பழைய தீர்மானத்தை நான் எடுத்துக் காட்டினேன். அவரே ட்ராஃப்ட் பண்ணியது, அதனால் ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் மாமி மடிசார் கட்டிக்கொண்டு, கையில் துணிப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். மீனவர் என்ற முறையில் கணக்கு நோட்டோடு நின்ற சுரேந்திரன் பேனாவைத் திறந்தான்.

"மாமி, என்ன மீன்னு போடட்டும்?"

"எது உசத்தியோ அதைப் போடு."

"பாப்லெட்" என்று வாவல் மீனின் பம்பாய்ப் பெயரை எழுதிவிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

மாமி மார்க்கெட்டிலிருந்து வெகு நேரம் கழித்துத் திரும்பினார். பையில் ஒரே ஒரு கட்டுக் கொத்தமல்லி. "மூணு கடைக்காரனோட சண்டை போட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது, இத்தனை அபத்தத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நின்றிருக்கலாம்.

மறுநாள் பஞ்சு பாரந்தூக்கியில் இறங்கினார். அவருக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. பதவிக்குத் தகுந்தபடி சுறா என்று எழுதச் சொன்னார். பத்மஜா இந்த ஊர் மீன் வேண்டாமென்று சால்மன் ஆனாள், அதைப் படமெடுத்து உலகத்துக்குத் தெரிவித்தாள். சாய்நாத் டூனா. யார் என்ன மீன் என்பதில் கட்டிடத்தில் மனஸ்தாபங்கள் உண்டாயின. என்னை மட்டும் சுரேந்திரன் ஒரு வார்த்தை கேட்காமல் மத்தி என்று எழுதிவிட்டான். நானும் படியை விட்டுவிட்டேன். படிக்கட்டு ஓரத்தில் பழைய சைக்கிளும் செருப்பு ஸ்டாண்டும் வந்து சேர்ந்தன.

மழை ஆரம்பித்தது. வானமாமலை ரெயின்கோட்டோடு வந்து, பாரந்தூக்கியின் கதவைப் பூட்டி அரக்கு வைத்தார்.

"என்ன ஸார் இது?"

"மழைக்காலத்துல மீன்பிடித் தடை சார். மீன் குஞ்சு பொரிக்குத சமயம். தடை முடியிற வரைக்கும் ஒரு மீனும் கரை எறங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

நாங்கள் எல்லோரும் இரண்டாம் மாடியில் கூடினோம். சாய்நாத்துக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் படியை நோக்கி நடந்தான். பஞ்சு அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நில்லுடா. சர்க்கார் ரிக்கார்டுல நாமெல்லாம் மீன். தடைக் காலத்துல மீன் படி வழியா இறங்கலாம்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. பஞ்சு அங்கேயே உட்கார்ந்து ட்ராஃப்ட் ஆரம்பித்தார். "மேற்படி மீன்கள் தடைக் காலத்தில் மாற்றுப் பாதையைப் பயன்படுத்துவது குறித்து..." கடிதம் ஈமெயிலில் போயிற்று. பதில் இன்னும் வரவில்லை. சாய்நாத் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். காய்கறி எல்லோருக்கும் மொபைலில் வருகிறது. நான் இதை என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே தொட்டியில் அலை அடித்துக்கொண்டே இருக்கிறது.

நேற்று சுப்புலக்ஷ்மி மாமி கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாடிய கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தார். படி வாசலில் குழுமி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எனக்கு முட்டி போயிடுத்து, இறங்க முடியலை. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?" என்றார்.

கமிட்டி உடனே கூடி ஆலோசித்தது. கேள்வியை எழுத்தில் கொடுக்கும்படி மாமியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.